தோளுக்கு அரை மணி நேரம்

கடிதம் பிரிக்கும் கூடத்தில் அவளுக்கு ராட்டினம் என்று பெயர். பெயர் வைத்தது பக்கத்தில் நின்று வேலை செய்யும் கண்ணாடிக்காரி. இடது கையில் கடிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக உருவி அதனதன் அறையில் போடுவதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. ஆனால் இவள் கை மட்டும் மேலே போவதும் கீழே வருவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பதினோரு வருடத்தில் அந்தக் கை நின்று யாரும் பார்த்ததில்லை.

கடிதங்களைப் போடுகிற மர அடுக்கை அங்கே கூடு என்பார்கள். ஆளை விட ஒரு முழம் உயரம். கீழிருந்து மேலாக ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு அறை, ஆக நாற்பத்தெட்டு அறைகள். அதன் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறக் கூடாது. எப்போதோ ஒருவர் ஏறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து அப்படி ஒரு விதி. ஆகவே ஆறாவது வரிசைக்குக் கடிதம் போக வேண்டுமானால் கை தலைக்கு மேலே முழுசாக நீண்டாக வேண்டும்.

அந்தக் கைதான் ஒரு நாள் நாலாவது வரிசையோடு நின்றுவிட்டது.

தூக்கத்தில் ஏடாகூடமாகப் படுத்திருப்போம் என்று நினைத்து முதலில் தைலம் தேய்த்தாள். பத்து நாளில் தலை பின்ன முடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு ஜாக்கெட்டின் கைக்குள் கையை நுழைப்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது. டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தோள்மூட்டு இறுகிவிட்டது, நாற்பதை ஒட்டிய பெண்களுக்கு வருவதுதான், மாத்திரை வலியைத்தான் குறைக்கும், மூட்டைத் திறப்பதற்கு உடற்பயிற்சியை விட்டால் வேறு மருந்து இல்லை என்று சொல்லி, பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் மூன்று பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். முதலாவது, சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சிலந்தி போல மேலே மேலே ஏற்றுவது. இரண்டாவது, முதுகுக்குப் பின்னால் துண்டை இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கி இழுப்பது. மூன்றாவது, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. படம் போட்ட தாள் ஒன்றையும் கொடுத்தாள். தாளின் அடியில், நாள்தோறும் முப்பது நிமிடம் என்று இருந்தது. ஆறாவது வாரம் மறுபடி வந்து காட்டச் சொன்னாள்.

இதற்குள் வேலையிடத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. அவளுடைய மேல் வரிசைக் கடிதங்களையெல்லாம் கண்ணாடிக்காரி எட்டி வாங்கித் தன் கட்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் அம்மாள் பின்னால் வந்து நின்றதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ரெண்டு வாரமா இதான் நடக்குது."

"அவ திடீர்னு குள்ளமாயிட்டா மேடம், அதான்" என்றாள் கண்ணாடிக்காரி.

மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னார்: "பன்னெண்டு வாரம் டைம் தரேன். அதுக்குள்ள ஆறு வரிசையும் நீங்களே போட்டுக் காட்டணும். இல்லன்னா நைட் மேஜைக்கு மாத்த வேண்டியிருக்கும். கூட்டுல நிக்கற ஆளுக்குக் கை எட்டணும்மா. நான் என்ன பண்றது?"

நைட் மேஜை என்பது பார்சல்களைப் பைகளில் பிரித்துப் போடும் நீள மேஜை. எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கும், கையைத் தூக்கவே வேண்டாம். நேரம்தான் மாலை ஆறு முதல் பின்னிரவு இரண்டு வரை.

ஆறு மணிக்கு அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, பதினோரு வயதுப் பெரியவள். இரண்டு, நாலு வயதுச் சின்னவள். அம்மாவோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு வீட்டில் பசை என்றே பெயர். மூன்று, அவள் கணவர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் உள்ள லிஃப்டுகள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டதுபோல ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் நடுவழியில் நிற்கும். போன் வந்தால் சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு ஓட வேண்டியதுதான். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது வர முடியாது என்று சொல்கிற வேலை இல்லை அது.

ஆக, பன்னிரண்டு வாரம், நாளுக்கு அரை மணி நேரம். கணக்கு எளிதாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்துக்கு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

காலை ஐந்துக்கு எழுந்தால் எட்டுக்குள் சமையல், மூன்று டப்பா, இரண்டு சடை, ஒரு சாப்பாட்டு யுத்தம். எட்டரைக்கு பஸ். காப்பகத்திலிருந்து பசையைக் கூட்டிக்கொண்டு ஐந்தரைக்குத் திரும்பினால் அவள் இடுப்பில் ஏறிக்கொள்வாள். பிறகு துணி, பாத்திரம், வீட்டுப் பாடம், மறுபடி அடுப்பு. பத்து மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு பண்ணலாம் என்று ஒரு நாள் சுவரில் விரலை வைத்தாள். வைத்தது நினைவிருக்கிறது. அப்படியே நெற்றியைச் சுவரில் சாய்த்துத் தூங்கிவிட்டதைக் கணவர் வந்து எழுப்பித்தான் தெரிந்துகொண்டாள்.

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு மூட்டைக் கடிதத்தை யாரும் ஒரே அறையில் திணிப்பதில்லையே, பிரித்துத்தானே போடுகிறோம்! அரை மணி நேரத்தையும் அப்படியே பிரித்தால் என்ன? பெரியவளின் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வரிசையாக எழுதினாள். பால் பொங்கும் வரை, இரண்டு நிமிடம், சுவர். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் வரை, நாலு நிமிடம், துண்டு. பசை கழிப்பறையில் உட்கார்ந்திருக்கையில், மூன்று நிமிடம், கதவோரச் சுவர். பஸ் வரும் வரை, மூன்று நிமிடம், கையை ஆட்டுதல். இப்படி வேலையிடத்துத் தண்ணீர்க் குழாய், மாடிப்படித் திருப்பம், மாவு பிசைந்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் என்று பன்னிரண்டு அறைகள். கூட்டிப் பார்த்தாள், முப்பத்தொன்று வந்தது. ஒரு நிமிடம் உபரி.

"பெரிய ஆள்தான் நீ" என்றார் கணவர். "அந்த மிச்ச ஒரு நிமிஷத்தை எனக்குக் குடு, உன்கிட்ட பேசணும்."

பஸ் நிறுத்தத்தில் குனிந்து கையை ஆட்டினாள். காசைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்து இரண்டு பேர் தரையில் தேடிக் கொடுத்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் சுவரில் விரலை ஏற்றிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டுக்காரர், "பல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எதற்கும் அவள் அசரவில்லை. செய்ததற்கெல்லாம் தாளில் கோடு போட்டாள். ஒரு நாள்கூட இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்திலும் இருபத்தொன்பது. அந்தக் காய்ச்சலால்தான் ஆறாவது வாரம் பிசியோதெரபி பெண்ணைப் பார்க்கப் போக முடியவில்லை. ஏழாவது வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எட்டாவது வாரம் கண்ணாடிக்காரி விடுப்பில் போனதால் இரண்டு கூடும் இவள் தலையில்; மேல் வரிசைகளுக்கு மட்டும் வேறு ஆள். ஒன்பதாவது வாரம்தான் போனாள், கோடு போட்ட தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு.

அந்தப் பெண் முதலில் கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்தாள். பிறகு பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எக்சர்சைஸ் பண்றீங்களா?"

அவள் தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"இதெல்லாம் சேர்த்தா முப்பது நிமிஷமா?"

"ஆமாம்மா. ஒரு நாள்கூட விடல."

"ஐயோ அக்கா! முப்பது நிமிஷம்னா ஒரே மூச்சுல முப்பது. மொதல் ஆறேழு நிமிஷம் உங்க தோள் சும்மா முரண்டுதான் பிடிக்கும். சூடேறி, தசை விட்டுக் குடுத்து, அதுக்கப்புறம்தான் மூட்டு அசைய ஆரம்பிக்கும். நீங்க ஒவ்வொரு தடவையும் அது திறக்கறதுக்கு முன்னாடியே விட்டுட்டுப் போயிருக்கீங்க."

"தாள்ல அப்படிப் போடலையேம்மா."

அந்தப் பெண் தான் முன்பு கொடுத்த படத் தாளை வாங்கிப் பார்த்தாள். போடவில்லைதான். "எல்லாரும் ஒண்ணாத்தான் பண்ணுவாங்க, அதனால..." என்று இழுத்தாள். ஒரு பேனாவை எடுத்து, முப்பது நிமிடம் என்பதற்கு முன்னால் 'தொடர்ந்து' என்று எழுதிக் கொடுத்தாள்.

ஒன்பது வாரம். நாளுக்குப் பன்னிரண்டு தடவை. பஸ்ஸில் திரும்பும்போது அவள் அந்தப் பெருக்கலைப் போடாமல் இருக்க ஜன்னல் வழியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். அப்படியும் எழுநூற்றைம்பதுக்கு மேலே ஒரு எண் வந்து நின்றுவிட்டது.

இன்னும் மூன்று வாரம் பாக்கி. "அரை மணி நேரம்தானே? இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறே?" என்றார் கணவர். "சாயந்திரம் நான் ரெண்டையும் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ கதவைச் சாத்திக்கிட்டு ஆட்டு, நீட்டு, என்ன வேணா பண்ணு."

முதல் நாள் அப்படியே நடந்தது. இருபதாவது நிமிடம் தோளுக்குள் ஏதோ ஒன்று இளகி, விரல்கள் அதுவரை போகாத இடத்துக்குப் போயின. வலியில் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் அவள் தனியாக நின்று சிரித்தாள். அந்தப் பெண் சொன்னது உண்மைதான், திறக்கிறது.

இரண்டாம் நாள் அவர்கள் மாடிப்படி இறங்குவதற்குள் போன் வந்தது.

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல ஒரு பல் டாக்டர் நிக்கறாராம். வாயைப் பெரிசா திறந்துக்கிட்டு கத்தறாராம்."

"உங்களுக்கு இந்த நேரத்துலயும் சிரிப்பு."

"சிரிக்காம? நீ இங்க மாட்டிக்கிட்டே, அவர் அங்க மாட்டிக்கிட்டார். அவரை எடுக்கறது எனக்குத் தெரியும். உன்னை எப்படி எடுக்கறதுன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பசை அதற்குள் அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பெரியவள் காவல் நின்றாள். அம்மாவைப் படுக்கையறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"அம்மா."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. பசை உள்ள வராம நான் பார்த்துக்கறேன். நீ பண்ணு."

மறுபடி இரண்டு நிமிடம். வெளியே தொம்மென்று ஒரு சத்தம், பிறகு அழுகை.

"அம்மா, நான் அடிக்கல. அவளாத்தான் விழுந்தா."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. நீ வெளிய வராதே. ரத்தமெல்லாம் இல்லம்மா. கொஞ்சம்தான்."

அவள் கதவைத் திறந்தாள்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து பார்த்தாள். பசை தூக்கத்தில் அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை. காது நழுவினால் கண் திறந்துவிடும். கண் திறந்ததும் சமையலறைக்கு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் அதே சுவரில் தன் விரலையும் ஏற்றி, "நான் ஜெயிச்சுட்டேன்" என்று கத்துவாள். அதற்குப் பெரியவள் எழுந்துகொள்வாள். மதிய இடைவேளையில் பைகள் அடுக்கும் அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டு பார்த்தாள். அது நன்றாகவே இருந்தது. வெளியே யாராவது கேட்டால், "ராட்டினத்துக்கு எண்ணெய் போடறாங்க" என்று கண்ணாடிக்காரி சொல்லிச் சமாளித்தாள். நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் லாரி லாரியாக விளம்பரப் புத்தகங்கள் வந்து இறங்கின. அன்றிலிருந்து இடைவேளை பத்து நிமிடம்தான், நின்றபடியே சாப்பாடு.

ஆக, இருபத்தொரு நாளில் முழு அரை மணி நேரம் அவளுக்குக் கிடைத்தது ஏழு நாள். அந்த ஏழுக்கே கை நாலாவது வரிசையிலிருந்து ஐந்தைத் தாண்டி ஆறின் கீழ் விளிம்பைத் தொட்டது. இன்னும் இரண்டு விரற்கடை போதும்.

சோதனை நாளன்று மேற்பார்வையாளர் தொண்ணூற்றாறு கடிதங்கள் கொண்ட கட்டு ஒன்றை அவள் இடது கையில் வைத்தார். அறைக்கு இரண்டு. ஐந்து வரிசை வரைக்கும் கை பழைய மாதிரியே சுற்றிற்று. பக்கத்துக் கூடுகளில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேல் வரிசைக்குப் பதினாறு. முதல் கடிதம் உள்ளே போயிற்று. இரண்டாவதும் போயிற்று. குதிகாலை உயர்த்தி, மூச்சைப் பிடித்து, விரல் நுனியால் தள்ளித் தள்ளி ஏழு வரைக்கும் உள்ளே போட்டாள். எட்டாவதைத் தூக்கும்போது தோளுக்குள் கத்தி போல ஒன்று இறங்கியது. அந்தக் கடிதம் விளிம்பில் மோதிக் கீழே விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றும் நிற்கவில்லை. வெள்ளையும் பழுப்புமாக ஒன்பது உறைகள் அவள் காலைச் சுற்றிக் கிடந்தன.

மேற்பார்வையாளரே குனிந்து பொறுக்கினார்.

"இன்னும் ஒரு மாசம் குடுங்க மேடம். இப்பத்தான் திறக்க ஆரம்பிச்சிருக்கு. டாக்டர்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க."

"நான் குடுக்கறேன்மா. குடுக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு." அவர் பொறுக்கிய கடிதங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். "ஒரு மாசம் குடுத்தா, தினம் உங்களுக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்குமா? கிடைக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே எழுதித் தரேன்."

ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். மாலையை நினைத்துப் பார்த்தாள், விடியற்காலையை நினைத்துப் பார்த்தாள், வாசலில் இறங்கிக்கிடக்கும் புத்தகக் கட்டுகளைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் தெரிந்தே ஒரு கடிதத்தைத் தப்பான அறையில் போட்டதில்லை அவள். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

"சொல்லேன்டி" என்று பின்னால் கண்ணாடிக்காரி முணுமுணுத்தாள். "பொய்யாவது சொல்லித் தொலையேன்."

மேற்பார்வையாளர் அந்த ஒன்பதையும் தானே மேல் வரிசையில் போட்டு முடித்தார். பிறகு அவள் முதுகில் கை வைத்து, நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "அடுத்த திங்கக்கிழமையிலேருந்து நைட் மேஜைக்குப் போங்க. ஒரு விதத்துல நல்லதுதான். பகல் பூரா வீட்ல இருப்பீங்க. நிம்மதியா எக்சர்சைஸ் பண்ணலாமே."

வீட்டில் அவள் சொன்னபோது கணவர் சிரிக்கவில்லை.

"நான் கம்பெனில பேசறேன். சாயந்திர டூட்டியை வேற யாருக்காவது மாத்தச் சொல்றேன்."

"போன வருஷமும் பேசினீங்க."

"ஆமா." அவர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது அப்போதே அடித்துவிடுமோ என்பதுபோல. "பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சுட்டா? ஏதாவதுன்னா எட்டிப் பார்க்கட்டுமே."

"எட்டித்தான் பார்ப்பாங்க. எட்டு மணி நேரம் உக்கார முடியுமா?"

பெரியவள் வீட்டுப் பாடத்தை மூடிவிட்டு வந்தாள்.

"அம்மா, நீ எத்தனை மணிக்குக் கெளம்பணும்?"

"அஞ்சேகாலுக்கு."

"அப்பா இல்லன்னா நான் பார்த்துக்கறேன்." ஒரு தாளையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டாள். அம்மாவின் கையெழுத்தைப் போலவே சாய்த்து எழுதினாள். ஐந்தரை, பசைக்குப் பால் காய்ச்சுதல். ஐந்தே முக்கால், பசை விளையாட்டு. ஏழு, பசைக்குச் சாப்பாடு. ஏழரை, பசைக்குக் கதை. எட்டு, பசை தூக்கம். எழுதி முடித்து அம்மாவிடம் நீட்டினாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவள் தாளை இரண்டு முறை படித்தாள்.

"நீ எப்போடி படிப்பே?"

"அவ விளையாடறப்போ கொஞ்சம், தூங்கினப்புறம் கொஞ்சம்."

"வெளிய விளையாடப் போறது?"

"அதான் ஞாயித்துக்கிழமை இருக்கே."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். வேண்டாம் என்றால் வேறு என்ன என்று பிள்ளை கேட்கும். கணவரைப் பார்த்தாள், அவர் ஜன்னலைப் பார்த்தார். தாள் முழுக்க மறுபடி கண்ணை ஓட்டி, தன்னால் திருத்த முடிகிற இடம் ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"அடுப்பை நீ தொடக் கூடாது. பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்க்ல ஊத்தி வெச்சுட்டுப் போறேன்."

"சரி" என்று தாளை வாங்கி, பால் காய்ச்சுதல் என்பதை அடித்தாள் பெரியவள். பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "அப்படின்னா எனக்கு அஞ்சு நிமிஷம் மிச்சம்மா!" என்றாள்.